முப்பது வருஷம் லோரி ஓட்டியவர் திரைக்குள் வழி தவறுகிறார்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் அறுபது வயதைத் தாண்டியவர். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய தோட்டமொன்றில் பிறந்தார், தொழிலாளர் வீடுகளின் வரிசையான லயத்தில் வளர்ந்தார், மீசை அரும்பிய வயதில் லோரியில் கெலிண்டானாக (ஓட்டுநரின் உதவியாளாக) ஏறினார், பிறகு அதே லோரிக்கு ஓட்டுநர் ஆனார். ரப்பர் இருந்த காலத்தில் ரப்பர் பால் ஏற்றினார். பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டதும் அதன் குலை ஏற்றினார். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் மழை, இருட்டு எதையும் பார்க்காமல் மண் சாலையில் ஓட்டிய ஆள். பேரை எழுதவில்லை. ஊரில் கூப்பிடுகிறபடி லோரி அண்ணன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் அதே ஊரில் கணினியும் கைப்பேசியும் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். மருத்துவம், உளவியல் எதுவும் படித்ததில்லை. முன்பு சைபர் கஃபே நடத்தியதால், திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று பல வருஷம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்த அனுபவம் மட்டும் உண்டு.

புகார்

புகாரைக் கொண்டுவந்தவர் அவருடைய மகள். பள்ளி விடுமுறையில், நான்காம் ஆண்டு படிக்கும் பேரன் தாத்தாவையும் கணினி முன்னால் இழுத்து உட்கார வைத்துவிட்டான். மூன்று விளையாட்டுகள்: ஐரோப்பாவில் லோரி ஓட்டும் யூரோ டிரக் சிமுலேட்டர் 2, கட்டிகளை அடுக்கி வீடு கட்டும் மைன்கிராஃப்ட், அப்புறம் அம்மாவுக்குத் தெரியாமல், ஒரு நகரத்தில் சுற்றித் திரியும் ஜிடிஏ 5. (கடைசியாகச் சொன்னது பெரியவர்களுக்கானது. அதைப் பற்றி மகளிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது.)

மூன்றிலும் தாத்தா தொலைந்துபோனார். லோரி விளையாட்டில் ஊரை விட்டு வெளியேறும் சந்தியில் தப்பான பக்கம் திரும்பி, நெடுஞ்சாலையில் வந்த வழியே வெகுதூரம் போய்விடுவார். மைன்கிராஃப்டில் தானே கட்டிய வீட்டிலிருந்து மரம் வெட்டப் போனால் திரும்பி வரத் தெரியாது. இருட்டிவிடும், பிணங்கள் எழுந்து வரும், செத்துப்போவார். ஜிடிஏவில் ஒரே கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். பேரனுக்கு ஒரே சிரிப்பு. மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அண்ணே, அப்பாவுக்குக் கிழக்கு மேற்கு தெரியாமப் போச்சு. இது மறதி நோயோட ஆரம்பமா இருக்குமா?” என்று கேட்டார்.

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அல்சைமர் நோய் மூளையில் முதலில் கைவைக்கும் இடங்களில் என்டோரைனல் புறணியும் ஹிப்போகேம்பஸும் உண்டு. நாம் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று கணக்கு வைக்கும் பகுதிகளும் அவைதான். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் இட உயிரணுக்களை ஹிப்போகேம்பஸில் ஜான் ஓகீஃப் 1971இல் கண்டறிந்தார். தரையையே கட்டம் கட்டமாக அளந்து வைக்கும் உயிரணுக்களை என்டோரைனல் புறணியில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005இல் கண்டறிந்தார்கள். 2014இன் நோபல் மருத்துவப் பரிசு இந்த மூவருக்கும் கிடைத்தது. இந்தப் பகுதிகள் கெடத் தொடங்கினால் வழி குழம்பும்; அதனால் பழகிய பாதையில் ஒருவர் வழி தவறினால் மருத்துவர்கள் அதை லேசாக விடுவதில்லை.

பழகிய பாதையில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். கோயிலுக்குப் போனவர் வீட்டுக்கு வரத் தடுமாறினாரா, மோட்டாரை எங்கே நிறுத்தினோம் என்று தேடினாரா என்று கேட்டேன். அப்படி எதுவும் இல்லை என்றார். இருந்தாலும், “தங்கச்சி, என்கிட்ட கேக்கறதுக்கு முன்ன கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றுதான் சொன்னேன். கூட்டிப்போனார். ஞாபகச் சோதனை செய்து பார்த்துவிட்டுக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் இதில் இறங்கினேன்.

வெளியே அவர் எப்படி

விளையாட்டுக்குள் பார்ப்பதற்கு முன்னால் வெளியே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவருடைய மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து தோட்டத்துக்குள் போனேன்.

செம்பனைக் காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர், முக்கோண நடவு, ஒரு ஹெக்டேரில் 140 மரம் முன்பின். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி நிரை, ஒரே மாதிரி நிழல், நிரைக்கு நடுவில் ஒரே மாதிரி அடுக்கிய காய்ந்த மட்டை. விளையாட்டு செய்கிறவர்கள் ஒரே மரத்தை நகல் எடுத்து ஒட்டிக் காடு செய்வார்களே, அதைவிட மோசம். அதன் நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஆலை எந்தப் பக்கம், ஆபீஸ் எந்தப் பக்கம், மாரியம்மன் கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். யோசிக்காமல் கையை நீட்டினார். கைப்பேசி வரைபடத்தை வைத்துச் சரிபார்த்தேன். நீட்டிய கை சரியாக இருந்தது.

எப்படி என்று கேட்டால் மரத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. “மரத்த நம்பக் கூடாது தம்பி. இருபத்தஞ்சு வருஷத்துல வெட்டிருவான். மண்ணப் பாருங்க. இந்த வாய்க்கா எந்தப் பக்கம் ஓடுது? அந்தப் பக்கம் ஆறு. இந்த மேட்டுல லோரி ரெண்டாம் கியருக்கு வரும். அதத் தாண்டி இறக்கம், இறக்கம் முடிஞ்சா பாலம்.” பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது ஊரின் முகமே மாறியது, பலருக்குச் சொந்தத் தோட்டமே குழம்பியது. இவருக்கு எதுவும் மாறவில்லை. சரிவும் வாய்க்காலும் பாலமும் அதே இடத்தில்தான் இருந்தன. கிழக்கே மரம் விலகிய இடங்களில் தீத்திவாங்சா மலை தெரியும், அதையும் பார்த்துக்கொள்கிறார்.

கிராமப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் திறன் சற்றுக் கூடுதல் என்று 2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. 38 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 4 லட்சம் பேரின் தரவு அது. கட்டம் போட்டதுபோல் நேர்த் தெருக்கள் உள்ள நகரத்தில் வளர்ந்தவர்கள் கோணல்மாணலான பாதைகளில் அதிகம் தடுமாறினார்கள். அந்தக் கணக்கில் லோரி அண்ணன் வெற்றிபெற வேண்டிய ஆள். ஆனால் அந்தத் தரவு திரட்டப்பட்டதே ஒரு விளையாட்டின் வழியாகத்தான். அப்படியானால் இவர் விளையாட்டில் ஏன் தோற்கிறார்?

கையா, திசையா

அந்த விளையாட்டின் பெயர் சீ ஹீரோ குவெஸ்ட். மறதி நோய் ஆராய்ச்சிக்காகவே 2016இல் வெளியானது. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனைச் சேர்ந்த ஹியூகோ ஸ்பியர்ஸ் போன்றவர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். வரைபடத்தை ஒருமுறை காட்டி மறைத்துவிடுவார்கள், நீங்கள் படகை ஓட்டி இலக்குகளைத் தேட வேண்டும். 40 லட்சம் பேருக்குக் குறையாமல் விளையாடினார்கள். அதில் நன்றாகச் செய்தவர்கள் லண்டன், பாரிஸ் தெருக்களிலும் நன்றாக வழி கண்டுபிடித்தார்கள் என்று 2019இல் தனியாகச் சோதித்தும் காட்டினார்கள். ஆகவே, விளையாட்டில் தொலைவதற்கும் வெளியே தொலைவதற்கும் சம்பந்தமே இல்லை என்று கைகழுவ முடியாது.

ஆனால் அவர்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தார்கள். முதல் இரண்டு கட்டங்களில் வழி தேட ஒன்றுமே கிடையாது. இலக்கு கண்ணுக்குத் தெரியும், படகை விட்டால் போதும். அங்கே ஒருவர் எவ்வளவு தடுமாறுகிறார் என்று பார்த்து, அதற்கு ஏற்ப மற்றக் கட்டங்களின் கணக்கைச் சரிசெய்துகொண்டார்கள். கை பழகாததை வழி தெரியாததாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக.

நான் அதையே கடன் வாங்கினேன். மைன்கிராஃப்டில் மேடு பள்ளம் இல்லாத தட்டை உலகம் ஒன்றைத் திறந்து, சிவப்புக் கம்பளிக் கட்டியில் உயரமாக ஒரு தூண் கட்டினேன். வேலை இதுதான்: தூணுக்குப் போ, அதைச் சுற்று, புறப்பட்ட இடத்துக்கு வா. தூண் எங்கிருந்தும் தெரியும். தொலைவதற்கு வழியே இல்லை.

லோரி அண்ணன் தூண் வரை போய்விட்டார். சுற்றும்போது பார்வை தரைக்குப் போனது, புல் மட்டும் தெரிந்தது, பிறகு வானத்துக்குப் போனது. கண்ட்ரோலரில் இடது குச்சி நடக்க, வலது குச்சி பார்க்க. அவருடைய வலது கட்டைவிரல் குச்சியின் மேல் படுத்துக் கிடந்தது. எப்போதாவது ஒருமுறை அழுத்தமாக இழுபட்டது. தூணில் முட்டியதும் இடது குச்சியை இன்னும் பலமாகத் தள்ளினார். முகம் வியர்த்தது. “தாத்தா, வலது கை! வலது கை!” என்று பேரன் கத்தினான். திரும்பி வந்து நின்ற இடம் புறப்பட்ட இடமே இல்லை. வழி தேடவே தேவையில்லாத இடத்தில் இந்தக் கதி.

லோரி விளையாட்டில் வேறு மாதிரி. ஸ்டீரிங்கும் பிரேக்கும் உடனே பிடிபட்டுவிட்டன. அங்கே கை பிரச்சினை இல்லை, கழுத்துதான் பிரச்சினை. சந்தியில் வந்து நின்றதும் தலையைத் திருப்பி வலப்பக்கம் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் இருந்தது என் கடைச் சுவரும் அதில் தொங்கிய சீனக் கடைக் காலண்டரும். பிறகு தலையைத் திரைக்குக் கொண்டுவந்து, எதையோ பார்த்துவிட்டது போன்ற நம்பிக்கையோடு திருப்பினார். மனிதக் கண் இரண்டும் சேர்ந்தால் பக்கவாட்டில் 180 பாகைக்கும் மேல் பார்க்கும், கழுத்தும் சேர்ந்தால் இன்னும் அதிகம். திரை காட்டுவது அதில் ஒரு துண்டு. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது பொத்தானை அழுத்தினால்தான் வரும். அந்தப் பொத்தானை அவருக்கு யாரும் காட்டவே இல்லை. பேரனுக்கு அது விரலிலேயே ஊறிப்போனது, சொல்லித் தர வேண்டும் என்று தோன்றாது.

இந்த இரண்டையும் பார்த்தபோதே புகாரில் பாதி கரைந்துவிட்டது என்பது என் கருத்து. பக்கத்தில் திரும்பிப் பார்க்காதவருக்குச் சந்தி எப்படி இருந்தது என்பது மனதில் பதியாது. பதியாததை யாராலும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது.

சுருங்கிய ஐரோப்பா

கையும் கழுத்தும் ஓரளவு சரியான பிறகும் லோரி விளையாட்டில் அவர் திருப்பங்களை விட்டுக்கொண்டே இருந்தார். இது எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார்: “தம்பி, இதுல தூரம் பொய் சொல்லுது.”

சரியான கண்டுபிடிப்பு. யூரோ டிரக் சிமுலேட்டர் 2இன் வரைபடம் உண்மை ஐரோப்பாவைச் சுமார் 1:19 என்ற அளவில் சுருக்கியது. 190 கிலோமீட்டர் என்று பலகை சொன்னால், சக்கரம் ஓடப்போவது ஏறக்குறைய 10 கிலோமீட்டர். கடிகாரமும் அதற்கு ஏற்ப வேகமாக ஓடும். ஊருக்குள் நுழைந்தால் சுருக்கம் குறைந்துவிடும், கடிகாரமும் நிதானமாகும். பழகியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் அவர்கள் தூரத்தை நம்பி ஓட்டுவதில்லை, திரையில் வழி காட்டும் அம்புக்குறியை நம்பி ஓட்டுகிறார்கள்.

லோரி அண்ணன் ஓட்டியதெல்லாம் நேரத்தை நம்பி. ஈப்போவுக்கு இவ்வளவு நேரம், அதில் பாதி போனால் இன்ன இடம் என்று உடம்புக்குள் ஒரு கணக்கு ஓடும். பலகையில் 190 என்று பார்த்ததும் அவர் மனசு இரண்டு மணி நேரத்துக்குத் தயாராகி உட்கார்ந்துவிட்டது. தேநீர் டம்ளரை எடுத்து வாயில் வைப்பதற்குள் வெளியேறும் வழி வந்து போய்விட்டது. வெளியில் அவருக்குப் பெரிய துணையாக இருக்கும் திறமைதான் இங்கே காலை வாரிவிடுகிறது. மூன்று விளையாட்டையும் பார்த்ததில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இதுதான். நன்றாக ஓட்டத் தெரிந்ததுதான் தோல்விக்குக் காரணம்.

சாலையின் பக்கமும் சேர்ந்துகொண்டது. நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். ஐரோப்பாவின் பெருநிலத்தில் வலப்பக்கம். வெளியேறும் வழி வலப்பக்கம் பிரியும், ரவுண்டபௌட் எதிர்ச்சுற்றில் போகும். “இடப்பக்கம் ஒதுங்கினா வெளிய போயிரலாம்” என்பது அவர் கைக்குத் தெரிந்த பாடம். கை அதையே செய்தது.

சுற்றும் வரைபடமும் அவசரப் பேரனும்

ஜிடிஏவின் மூலையில் இருக்கும் சிறு வரைபடம், ஆள் திரும்பும்போதெல்லாம் தானும் சுழலும். எந்தப் பக்கம் பார்க்கிறோமோ அது மேலே. ஓரத்தில் ஒரு வடக்கு எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த திருப்பம் இடமா வலமா என்று தெரிய இது வசதி. ஆனால் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று மனசில் படம் வரைய இது உதவாது. அதற்கு வடக்கு எப்போதும் மேலேயே இருக்கும் வரைபடம்தான் நல்லது. இரண்டுக்கும் இந்த வேறுபாடு உண்டு என்பது ஆராய்ச்சியில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். மைன்கிராஃப்டில் கையில் பிடிக்கும் வரைபடம் சுழலாது. லோரி அண்ணனுக்கு அதில் சிரமமே இல்லை. ஜிடிஏ வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “இது என்னா, ஊரே சுத்துது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பார்க்காததை நாம் திசை தெரியாததாக எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம், மகளிடம் சொல்லும்போது பையன் பக்கத்திலேயே நின்றான். தாத்தா தொலைந்துபோவதாக எழுதி வைத்த தருணங்களில் பெரும்பாலானவை, பேரன் கண்ட்ரோலரைப் பிடுங்கிய பிறகு வந்தவை. “குடுங்க தாத்தா, நான் கொண்டுபோய் விடறேன்” என்று வாங்குவான். நாலு சந்து தாண்டி ஓட்டுவான். திருப்பிக் கொடுப்பான். தாத்தா இப்போது எங்கே? அவருக்கு எப்படித் தெரியும்?

ஓட்டுகிறவர் கற்றுக்கொள்ளும் அளவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கற்றுக்கொள்வதில்லை. நகர வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் ஆப்பிள்யார்ட், வெனிசுலாவின் சியூடாட் குவாயானா நகர மக்களை ஊர்ப் படம் வரையச் சொன்னார். கார் ஓட்டுகிறவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிய படம் வரைந்தார்கள். பஸ்ஸில் மட்டும் போகிறவர்களில் பலருடைய படம் துண்டு துண்டாக இருந்தது. 1970இல் வந்த ஆய்வு அது. லோரி அண்ணன் தன் வாழ்நாளில் அதிகம் பஸ் பயணி ஆனதில்லை, பேரன்தான் ஆக்கினான்.

செத்துப் பிழைப்பதும் இதே கணக்கில் வரும். ஜிடிஏவில் செத்தால் மருத்துவமனை வாசலில் எழுவீர்கள். மைன்கிராஃப்டில் செத்தால் கடைசியாகப் படுத்த கட்டிலில் எழுவீர்கள், கட்டில் இல்லாவிட்டால் உலகம் தொடங்கிய இடத்தில். நிஜத்தில் யாருக்கும் பாதை இப்படி நடுவில் அறுந்துபோவதில்லை. நம் மூளையின் வழிக்கணக்கு இந்தத் தொடர்ச்சியை நம்பித்தான் நடக்கிறது.

உடம்பு வராத பயணம்

2013இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மயங்க் மேத்தாவின் குழு எலிகளை ஒரு பந்தின் மேல் ஓடவிட்டு, சுற்றிலும் திரையில் ஒரு பாதையைக் காட்டியது. எலி ஓடினால் படம் நகரும். நிஜப் பாதையில் ஓடியபோது இயங்கிய இட உயிரணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை திரைப் பாதையில் அடங்கிப்போயின. கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதவில்லை. உடம்பு திரும்புவது, காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு சொல்வது, மணம் எல்லாம் சேர்ந்துதான் அந்த உயிரணுக்களை எழுப்புகின்றன.

இதை எலியிலிருந்து நேராக ஒரு தோட்டத்து மனிதருக்குக் கொண்டுவருவது அத்துமீறல்தான். ஆனாலும் மோட்டாரில் போனபோது அவர் சொன்ன அடையாளங்களை மறுபடி பாருங்கள்: மேடு, இறக்கம், ரெண்டாம் கியர். எல்லாமே இடுப்பாலும் காலாலும் தெரிந்துகொண்டவை. பேரன் லோரி விளையாட்டில் கியரைத் தானியங்கியில் போட்டுவிட்டிருந்தான். மேட்டில் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. வெளியே வழி சொல்லும் எல்லாமே திரைக்குள் வாயடைத்துப் போயிருந்தன.

என்ன செய்தோம்

பெரிதாக எதுவும் இல்லை. முதலில் வலது கட்டைவிரல். தட்டை உலகத்தில் தூணைப் பார்த்துக்கொண்டே அதைச் சுற்றி நடப்பது, அவ்வளவுதான். பார்வை திரும்பும் வேகத்தை அமைப்பில் குறைத்தேன். அது மட்டும் செய்ததிலேயே தலைசுற்றலும் குறைந்தது. பேரன் அதைப் பார்த்து “ஸ்லோவா இருக்கு, லா” என்று முனகினான். அவன் விளையாடும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவானது.

லோரி விளையாட்டில் பிரிட்டனுக்கு மாற்றினோம். அங்கே நம்மைப்போல் இடப்பக்கம். ஸ்டீரிங்கும் வலப்பக்கம் உள்ள லோரியாகப் பார்த்து எடுத்தோம். கியரை அவர் கையால் மாற்றும்படி வைத்தேன். பக்கம் பார்க்கும் பொத்தான்களுக்கு வண்ணப் புள்ளி ஒட்டினேன். அப்புறம் சுருக்கத்தை அவரிடம் விளக்கினேன்: பலகையில் உள்ள எண்ணில் ஒரு சிறு பங்குதான் நிஜம் என்று. ஒரு கணம் யோசித்து, “அப்ப நாப்பது போட்டிருந்தா இந்த லயத்துல இருந்து ஆபீஸ் வரைக்கும்தான்” என்றார். அதற்குப் பிறகு தூரத்தை அவர் தோட்டத்து அளவில்தான் பேசினார். திருப்பங்களை விடுவது பெரிதும் குறைந்தது.

மைன்கிராஃப்டில் அவருக்கு மிகவும் பிடித்தது சூரியன். அங்கே சூரியன் கிழக்கே உதித்து நேர் தலைக்கு மேல் வந்து மேற்கே இறங்கும். வட நாட்டில் உட்கார்ந்து விளையாடுபவர்களுக்கு அது விசித்திரமாக இருக்கலாம். பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து பாகை தள்ளியிருக்கும் நமக்கு அது நம்ம ஊர் சூரியன். மதியத்தில் உதவாது, காலையிலும் மாலையிலும் உதவும், அவருக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. மேகம் எப்போதும் மேற்கே நகரும், சூரியகாந்திப் பூ எப்போதும் கிழக்கே பார்க்கும் என்று பேரன் சொன்னதும் வீட்டைச் சுற்றிச் சூரியகாந்தி நட்டுவிட்டார். திசைகாட்டியைப் பற்றி ஒரு சண்டை வந்தது. மைன்கிராஃப்ட் திசைகாட்டி வடக்கைக் காட்டாது, உலகம் தொடங்கிய இடத்தைக் காட்டும். “வடக்கக் காட்டாதது என்னா திசைகாட்டி?” என்று அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். அது நியாயமான கோபம்.

பேரனுக்கு ஒரே ஒரு விதி: பிடுங்கக் கூடாது, வாயால் சொல்லலாம். “இடது, வலது” என்று சொல்லக் கூடாது, “தண்ணி பக்கம்”, “மலை பக்கம்” என்று சொல்ல வேண்டும். முதலில் பையன் திணறினான், அவனுக்கே தண்ணீர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவன் போன இடமெல்லாம் அம்புக்குறியின் பின்னால் போன இடங்கள். அம்பை அணைத்துவிட்டு லோரி விளையாட்டில் முன்பு பலமுறை போன ஊருக்குப் போகச் சொன்னேன். போகத் தெரியவில்லை. பிறகு தாத்தாவும் பேரனும் ஆளுக்கொரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில், மைன்கிராஃப்ட் வீட்டையும் சுற்றியுள்ள இடங்களையும் வரைந்தார்கள். தாத்தாவின் படத்தில் ஆறு, சரிவு, வீடு, பாலம் எல்லாம் ஏறக்குறைய இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பேரனின் படத்தில் வீடு பெரிதாகவும் அழகாகவும் இருந்தது, ஆறு காணவில்லை.

மகள் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவைப் பற்றிய பயம் போய்விட்டது, இப்போது பையனைப் பற்றிக் கவலைப்படலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவனுக்கு வயது பத்து, தோட்டத்துக்குள் தனியாகச் சைக்கிளில் போக இன்னும் யாரும் விடவில்லை.

சரியாகாதது

குகை. மைன்கிராஃப்டில் நிலத்துக்கு அடியில் இறங்கினால் லோரி அண்ணன் இப்போதும் தொலைகிறார். கை பழகிய பிறகும், பேரன் பிடுங்காதபோதும். அங்கே சூரியன் இல்லை, ஆறு எந்தப் பக்கம் என்று தெரியாது, சுரங்கம் மேலும் கீழும் பின்னிக் கிடக்கும், சுவரெல்லாம் ஒரே கல். விளையாடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு: உள்ளே போகும்போது தீப்பந்தங்களை வலப்பக்கச் சுவரில் மட்டும் வைத்துக்கொண்டே போக வேண்டும், அவை இடப்பக்கம் வந்தால் வெளியே வந்துகொண்டிருக்கிறீர்கள். அவர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டார், சரியாகவும் செய்தார். ஆனால் கூடவே வரும் பேரன் இருட்டுக்குப் பயந்து இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டே போகிறான்.

ஆகவே குகையில் அவருக்கு உண்மையாகவே திசை போகிறதா, அல்லது தீப்பந்தம்தான் காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவரைத் தனியாக இறங்கச் சொல்ல வேண்டும். சொன்னேன். “தனியா எவன் போவான், தம்பி? பையன் இல்லாம எனக்கு அந்தக் குகையில என்னா வேலை?” என்றார். இப்போது பள்ளி திறந்துவிட்டது. அடுத்த விடுமுறையில் பையனிடம் தீப்பந்தம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதாக மகள் சொல்லியிருக்கிறார்.